எடையா, பின்னுதைப்பா? உள்நாட்டுத் துப்பாக்கிகளுக்குச் சவாலாகும் குழல் தடிப்பும் மசில் பிரேக்கும்

சாந்த்ராகாச்சி (கொல்கத்தா): சென்னை சென்ட்ரலில் இருந்து புறப்படும் ஏசி எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் ஹவுரா பகுதியில் உள்ள சாந்த்ராகாச்சி சந்திப்பில் தன் ஓட்டத்தை முடித்துக்கொள்கிறது. அங்கிருந்து ஆற்றைக் கடந்து வடக்கே சென்றால், சியால்தா ரயில் தடத்தில் வருவது இஷாப்பூர். இந்திய ராணுவத்தின் பல தலைமுறைத் துப்பாக்கிகள் பிறந்த இடம் அது. தெற்கே திருச்சிராப்பள்ளியில் 1966-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலையும், 1904-ஆம் ஆண்டு முதல் இயங்கும் இஷாப்பூர் தொழிற்சாலையும் இப்போது ஒரே நிறுவனத்தின் கீழ் உள்ளன. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த படைக்கலத் தொழிற்சாலைகள் வாரியம் 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி கலைக்கப்பட்டு ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள், கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் பொறுப்பில் இவ்விரு ஆலைகளும் வந்தன.

நிர்வாகம் மாறினாலும் இரு ஆலைகளையும் விடாமல் தொடரும் பொறியியல் கணக்கு ஒன்று உண்டு. துப்பாக்கிக் குழலை எவ்வளவு தடிப்பாக வைப்பது, அதன் முனையில் பின்னுதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக் என்ற சாதனத்தை எப்படிப் பொருத்துவது என்பதே அது. கேட்பதற்குச் சிறிய விவரமாகத் தோன்றும் இந்தக் கணக்கில் சறுக்கிய துப்பாக்கிகள், கோடிக்கணக்கான ரூபாய் கொள்முதல் பட்டியல்களில் இருந்து வெளியேறியுள்ளன.

2017-ஆம் ஆண்டின் நிராகரிப்பு

இஷாப்பூர் ஆலை உருவாக்கிய 7.62X51 மில்லிமீட்டர் ரகத் துப்பாக்கியை 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ராணுவம் நிராகரித்தது. ஆரம்பகட்டச் சோதனையிலேயே அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பல மடங்கு கோளாறுகளும் தடைகளும் ஏற்பட்டதாக அப்போது செய்திகள் வெளியாயின. தோட்டாப் பெட்டியை முற்றிலும் மாற்றி வடிவமைக்க வேண்டும் என்பது ஒரு குறை. மற்றொரு குறை பொதுமக்கள் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. சுடும்போது குழல்வாயில் எழுந்த தீப்பிழம்பும் ஓசையும் அளவுக்கு மீறியவை என்பதே அது.

இன்சாஸ் துப்பாக்கியின் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவை விட்டுவிட்டு, தொலைவில் வலுவாகத் தாக்கும் 7.62X51 தோட்டாவுக்குத் திரும்ப ராணுவம் முடிவெடுத்தபோதே இந்தச் சிக்கல் உடன் வந்துவிட்டது. இன்சாஸ் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 4 கிராம். 7.62X51 குண்டு ஏறத்தாழ 9.5 கிராம். இரண்டும் நொடிக்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளியேறுகின்றன. அதற்கேற்பச் சுடுபவரின் தோளில் விழும் உதையும் இரண்டு மடங்குக்கு மேல் உயர்கிறது. அதே வேளையில், துப்பாக்கியின் எடை 4 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. உதையைத் தாங்க எடை வேண்டும். எடை கூடாது என்றால் வேறு வழி வேண்டும். அந்த வேறு வழிதான் மசில் பிரேக்.

உதையின் ஒரு பங்கு வாயுவுக்கு உரியது

சுடும்போது தோளில் விழும் உதை முழுவதும் குண்டால் ஏற்படுவதில்லை. குண்டைத் தள்ளும் வெடிமருந்து வாயுவும் குழல்வாயில் இருந்து குண்டைவிட அதிக வேகத்தில் பீறிட்டு வெளியேறுகிறது. 7.62X51 ரகத்தில் மருந்தின் எடை சுமார் 3 கிராம்தான் என்றாலும், வாயுவின் வேகம் காரணமாக மொத்தப் பின்னுதைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதனால் விளைகிறது. மசில் பிரேக் இந்தப் பங்கின் மீது மட்டுமே கை வைக்கிறது. நேராக முன்னே பாயும் வாயுவைப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னோக்கியும் திருப்பி, துப்பாக்கியை முன்னே இழுக்கும் எதிர்விசையை உருவாக்குகிறது. மருந்து அதிகமாகவும் குழல் குட்டையாகவும் உள்ள துப்பாக்கியில் அதன் பயன் கூடுதலாகத் தெரியும். சிறிய தோட்டாவில் அவ்வளவாகத் தெரியாது.

இதற்கு விலையும் உண்டு. திருப்பிவிடப்பட்ட வாயு, சுடுபவரின் காதையும் பக்கத்தில் படுத்திருப்பவரின் முகத்தையும் நோக்கி வருகிறது. கண நேர ஓசைக்குப் பாதுகாப்பு எல்லையாகப் பரவலாகக் கொள்ளப்படுவது 140 டெசிபல். சாதாரணத் துப்பாக்கியே அதைத் தாண்டிவிடும். பிரேக் பொருத்தியது இன்னும் மேலே போகும். தரையில் படுத்துச் சுடும்போது கிளம்பும் புழுதி, சுடுபவரின் இருப்பிடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். தீப்பிழம்பைக் குறைக்கும் சாதனம் வேறு, உதையைக் குறைக்கும் சாதனம் வேறு. இரண்டையும் ஒரே துண்டு உருக்கில் அடக்க முயன்றால் இரண்டிலும் பாதிதான் கிடைக்கும் என்பது பல நாடுகளின் அனுபவம். இன்சாஸின் குழல்முனைச் சாதனம் தீப்பிழம்பை மறைப்பதோடு துப்பாக்கி எறிகுண்டு ஏவவும் பயன்படும்படி அமைக்கப்பட்டது. ஒரு முனைக்குப் பல வேலைகள் சுமத்தும் பழக்கம் இங்கு புதிதன்று.

குழல் வெடிக்குமா?

பிரேக் பொருத்துவதற்குக் குழலின் முனையைக் கடைந்து மெலிதாக்கி, வெளிப்புறத்தில் மரை வெட்ட வேண்டும். உருக்கைக் குறைத்தால் குழல் பலவீனமாகிவிடாதா என்பது இயல்பாக எழும் அச்சம். விடை, பலரும் எதிர்பார்ப்பதற்கு மாறானது.

7.62X51 தோட்டா வெடிக்கும்போது அறைப் பகுதியில் உச்ச அழுத்தம் சுமார் 400 மெகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு. ஆனால் அந்த உச்சம் குண்டு முதல் சில சென்டிமீட்டர் நகர்வதற்குள் முடிந்துவிடுகிறது. குண்டு முன்னே செல்லச் செல்ல வாயுவுக்கு இடம் பெருகி அழுத்தம் சரிகிறது. குழல்வாயை அடையும்போது எஞ்சியிருப்பது 60 மெகாபாஸ்கல் அளவே. குழல்கள் அறைப்பகுதியில் பருத்தும் முனையில் மெலிந்தும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த ரகத்திற்குப் பரவலாகப் பயன்படும் மரையின் வெளிவிட்டம் ஐந்தெட்டில் ஓர் அங்குலம், அதாவது 15.9 மில்லிமீட்டர். மரையின் பள்ளத்தைக் கழித்தால் எஞ்சும் விட்டம் 14.7 மில்லிமீட்டர். உள்ளே துளையின் விட்டம் 7.8 மில்லிமீட்டர். ஆக, சுவர்த்தடிப்பு ஏறத்தாழ 3.4 மில்லிமீட்டர். 60 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் இந்தச் சுவரில் எழும் தகைவு 110 மெகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். குழல் செய்யப் பயன்படும் குரோமியம்-மாலிப்டினம் கலந்த உருக்கு 700 மெகாபாஸ்கல் வரை வளையாமல் தாங்கக்கூடியது. 5.56 ரகத்துக்கு உரிய அரை அங்குல மரையைத் தவறுதலாக 7.62 குழலில் வெட்டினால்கூடச் சுவர் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே இறங்கும். தகைவு 160 மெகாபாஸ்கலை எட்டும். அப்போதும் குழல் வெடித்துவிடாது.

அப்படியானால் தடிப்பைப் பற்றிக் கவலைப்படுவது ஏன்? சிக்கல் வெடிப்பதில் இல்லை, வளைவதிலும் விரிவதிலும் இருக்கிறது. மெல்லிய முனையில் பிரேக்கை இறுக்கித் திருகும்போது, துளையின் கடைசிப் பகுதி நுண்ணிய அளவில் மாறுபடக்கூடும். குண்டு வெளியேறும் அந்தக் கடைசிக் கணத்தில் துளை சீராக இல்லையென்றால் குறி தவறும். பிரேக் இறுகி உட்காருவதற்கு மரையின் அடியில் ஒரு படிக்கட்டு போன்ற விளிம்பு வேண்டும். மெலிந்த குழலில் அந்த விளிம்பு நூலளவே இருக்கும். ஒவ்வொரு சூட்டின் அதிர்விலும் சாதனம் தளரும்.

விறைப்பு மற்றொரு கணக்கு. குழலின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. 15 மில்லிமீட்டர் குழலை 12 ஆகக் குறைத்தால் எடையில் கிடைக்கும் லாபத்தைக் காட்டிலும் விறைப்பில் ஏற்படும் இழப்பு மிக அதிகம். எஞ்சுவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். அப்படிப்பட்ட மெல்லிய குழலின் நுனியில் நூறு கிராம் உருக்கைத் தொங்கவிட்டால், சூடு ஏறிய பின் ஒவ்வொரு குண்டும் ஒவ்வோர் இடத்தில் விழத் தொடங்கும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது கோணல். பிரேக்கின் துளை குண்டின் விட்டத்தைவிட அரை மில்லிமீட்டர் அளவே பெரிதாக அமைக்கப்படுவது வழக்கம். அதாவது ஒவ்வொரு பக்கத்திலும் கால் மில்லிமீட்டர் இடைவெளி. குழல் துளையின் மையத்தோடு ஒட்டாமல் வெளிச்சுவரின் மையத்தை நம்பி மரை வெட்டப்பட்டு, பிரேக் கால் பாகை சாய்ந்து நின்றால் போதும், 60 மில்லிமீட்டர் நீளத்தின் மறுமுனையில் அந்த இடைவெளி காணாமல் போய்விடும். குண்டு பிரேக்கை உரசும், அல்லது மோதும். எனவே குழலின் வலிமையை லேத் இயந்திரத்தின் நேர்மைதான் காக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

பொக்ரானில் நடந்தது

மோதினால் என்ன ஆகும் என்பதற்குத் துப்பாக்கியைவிடப் பெரிய உதாரணம் இந்தியாவிலேயே உண்டு. 1986-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 410 எண்ணிக்கையில் வாங்கப்பட்ட போபர்ஸ் பீரங்கியின் அடிப்படையில் உருவானது தனுஷ். போபர்ஸின் குழல் நீளம் அதன் 155 மில்லிமீட்டர் விட்டத்தைப்போல் 39 மடங்கு. தனுஷுக்கு 45 மடங்கு. ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நீண்ட குழல், தாக்கும் தொலைவை 38 கிலோமீட்டராக உயர்த்தியது. 2017-ஆம் ஆண்டு ராஜஸ்தானின் பொக்ரானில் நடந்த சோதனைகளில் எறிகுண்டு அதன் மசில் பிரேக்கில் மோதியதாக ஜூலை மாதம் செய்திகள் வெளியாயின. சோதனைகள் நின்றன, ஆய்வுகள் நடந்தன, அட்டவணை தள்ளிப்போனது. 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இறுதிச் சோதனைகள் நிறைவடைந்து, 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதிதான் முதல் ஆறு பீரங்கிகள் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. ராணுவத்தின் தேவை 114 பீரங்கிகள்.

அதே 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அமெரிக்காவில் இருந்து வாங்கப்பட்ட எம்777 பீரங்கியின் குழல் பொக்ரான் சோதனையில் சேதமடைந்தது. சுடப்பட்டது இந்தியத் தயாரிப்புக் குண்டு. ஆகவே குழல்முனையில் கோளாறு என்றவுடன் குழலையோ பிரேக்கையோ குற்றம் சொல்வது அவசரமாகிவிடும். குண்டின் எடைச் சமநிலை, மருந்தின் தரம், குழலின் தேய்மானம், பிரேக்கின் பொருத்தம் ஆகிய நான்கும் ஒரே நொடியில், ஒரே இடத்தில் சந்திக்கின்றன. எது தவறியது என்பதை உடைந்த துண்டுகளில் இருந்து கண்டறிவது எளிதன்று.

இஷாப்பூரின் பழைய பாடம்

வலிமைக் கணக்கை இஷாப்பூர் ஒருமுறை மிகச் சரியாகப் போட்டிருக்கிறது. 1962-ஆம் ஆண்டு சீனப் போருக்குப் பின் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ராணுவம் மாறிக்கொண்டிருந்தபோது, சுயமாகத் தோட்டா ஏற்றும் எஸ்எல்ஆர் துப்பாக்கிகள் போதிய அளவில் கிடைக்கவில்லை. இடைக்காலத் தீர்வாக, பழைய .303 லீ-என்ஃபீல்டு வடிவத்தையே புதிய தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி 2ஏ, பின்னர் 2ஏ1 என்ற துப்பாக்கிகளை இந்த ஆலை தயாரித்தது. .303 தோட்டாவின் உச்ச அழுத்தம் 365 மெகாபாஸ்கல் அளவு, புதியதற்கு 415. ஐம்பது மெகாபாஸ்கல் வேறுபாடுதானே என்று பழைய உருக்கிலேயே செய்துவிடாமல், உடற்பகுதிக்கு மேம்பட்ட உருக்கைப் பயன்படுத்தியதால் அத்துப்பாக்கி நிலைத்து நின்றது. வெளித்தோற்றத்தில் பாட்டன் காலத் துப்பாக்கி. உள்ளே உலோகம் வேறு.

எதிர்மாறான பாடத்தைப் பிரிட்டன் கற்றது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், காட்டுப் போருக்கென லீ-என்ஃபீல்டின் குழலை 64 சென்டிமீட்டரில் இருந்து 48-க்குக் குறைத்து, பல இடங்களில் உருக்கைச் செதுக்கி எடையைக் குறைத்து, முனையில் கூம்பு வடிவத் தீப்பிழம்பு மறைப்பானைப் பொருத்தினார்கள். ஜங்கிள் கார்பைன் எனப் பெயர் பெற்ற அது, தூக்க இலகுவாக இருந்தது. தோளில் கடுமையாக உதைத்தது. ஒருமுறை சரிசெய்த குறி நிலைக்காமல் அலைகிறது என்ற புகார் அதை விட்டு அகலவேயில்லை. 1947-ஆம் ஆண்டுடன் தயாரிப்பு நின்றது.

திருச்சியின் வழி

எடைக் கட்டுப்பாடு தளர்ந்தால் கணக்கு எவ்வளவு இலகுவாகிறது என்பதற்குத் திருச்சி ஆலையின் வித்வன்சக் சான்று. தென்னாப்பிரிக்காவின் டெனல் நிறுவனத்தை 2005-ஆம் ஆண்டு இந்திய அரசு கறுப்புப் பட்டியலில் சேர்த்த பின், அந்நிறுவனத்தின் பெருந்துப்பாக்கிக்கு மாற்றாக, அதன் சாயலிலேயே திருச்சியில் உருவானது இது. வாகனங்களையும் கருவிகளையும் தொலைவில் இருந்து தகர்ப்பதற்கானது. 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் என மூன்று விட்டங்களுக்குக் குழலை மாற்றிக்கொள்ளலாம். எடை 25 கிலோ அளவில் இருப்பதால், தடித்த குழலுக்கும் பெரிய மசில் பிரேக்குக்கும் அதில் தாராளமாக இடமிருந்தது. அத்துடன் சுடும்போது குழலே பின்னோக்கி நகர்ந்து உதையை உள்வாங்கும் ஏற்பாடும் உண்டு. எல்லைப் பாதுகாப்புப் படை அதை ஏற்றுக்கொண்டது. இருவர் சுமந்து செல்லும் துப்பாக்கியில் சாத்தியமான இந்தத் தாராளம், மலையேறும் காலாட்படை வீரரின் 4 கிலோ துப்பாக்கியில் சாத்தியமில்லை.

கிராம் கணக்கிலான இந்தப் போராட்டத்தில் உள்நாட்டு ஆலைகள் தடுமாறிய காலத்தில் ராணுவம் காத்திருக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 72,400 சிக்716 துப்பாக்கிகளுக்கு அமெரிக்க நிறுவனத்துடன் ஒப்பந்தமானது. 2024-ஆம் ஆண்டு மேலும் சுமார் 73,000 துப்பாக்கிகளுக்கு. உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் ரஷ்யக் கூட்டுடன் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே-203 துப்பாக்கிகளைத் தயாரிக்க 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் கையெழுத்தானது. அவை 7.62X39 என்ற நடுத்தரத் தோட்டாவைப் பயன்படுத்துபவை. உதை குறைவு, குழல்மீதான கெடுபிடியும் குறைவு. ராணுவம் ஒரு வகையில் இந்தக் கணக்கைத் தோட்டாவை மாற்றியே தீர்த்துக்கொண்டது எனலாம். இன்சாஸுக்காகப் பயிற்சி பெற்ற இஷாப்பூர், திருச்சி தொழிலாளர்களுக்கு அந்தத் தீர்வில் கிடைத்த பங்கு சிறியது.

பந்தயம் முடிந்துவிடவும் இல்லை. புனேயில் உள்ள படைக்கல ஆராய்ச்சி மையம், ஹைதராபாத்தின் துவீபா ஆர்மர் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய 7.62X51 ரக உக்ரம் துப்பாக்கி 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் அறிமுகமானது. எடை 4 கிலோவுக்குள், தாக்கும் தொலைவு 500 மீட்டர். எண்கள், 2017-ஆம் ஆண்டு இஷாப்பூரிடம் எதிர்பார்க்கப்பட்ட வகையைச் சேர்ந்தவைதான். அன்று கவிழ்த்த தீப்பிழம்பும் ஓசையும் இதை என்ன செய்யும் என்பதை அறிமுக விழா சொல்லாது; ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் சுடப்படும் பனிமலை, பாலைவனச் சோதனைகள்தான் சொல்லும்.

உரிமம் பெற்றவர்கள் கவனத்துக்கு

இது ராணுவத்தோடு நிற்கும் விஷயமன்று. இஷாப்பூர் ஆலை .315 உள்ளிட்ட விளையாட்டுத் துப்பாக்கிகளை உரிமம் பெற்ற பொதுமக்களுக்கும் தயாரிக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து, தங்கள் துப்பாக்கிக்கும் ஒரு மசில் பிரேக் பொருத்தினால் என்ன என்ற எண்ணம் சிலருக்கு வருவதுண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, துப்பாக்கிகளைத் தயாரிப்பது, பழுதுபார்ப்பது, மாற்றுவது, சோதிப்பது ஆகியவற்றை உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. 6-ஆவது பிரிவின்படி உரிமமின்றிக் குழலைக் குட்டையாக்குவது குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை மற்றொரு வகையாக மாற்றுவதையும் இதில் சேர்த்தது. சைக்கிள் உதிரிபாகம் கடையும் தெருமுனை லேத்தில் குழலைக் கொடுப்பவர், சட்டத்தையும் கால் மில்லிமீட்டர் இடைவெளியையும் ஒருசேரப் பணயம் வைக்கிறார். பழைய துப்பாக்கிகளில் துளையின் மையமும் வெளிச்சுவரின் மையமும் ஒன்றாக இருப்பதில்லை என்பது வேறு.

போட்டிகளில் பங்கேற்கும் இளைஞர்களுக்கு இந்த ஆசையே தேவையில்லை. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிகள் ரைபிள் பிரிவுகளில் மசில் பிரேக்கைத் தடை செய்துள்ளன. அங்கே வீரர்கள் நம்புவது தடித்த, கனத்த குழலை மட்டுமே. மலைக்குத் தூக்கிச் செல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.